படியேறுகிறவனின் காதல்

உலகமெங்கும் இப்போது ஒரு வகைக் கதை மூட்டை மூட்டையாக எழுதப்படுகிறது, வாசிக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் 'ப்ராக்ரஷன் ஃபான்டஸி' என்று அதற்குப் பெயர் வைத்துப் பத்து வருஷம்கூட ஆகவில்லை. நான் எனக்குள் ஏற்றக்கதை என்று சொல்லிக்கொள்கிறேன். ஒன்றுமில்லாதவனாகத் தொடங்கும் ஒருவன் பயிற்சியாலும் ஆபத்தாலும் கொஞ்சம் தந்திரத்தாலும் படிப்படியாகச் சக்தி பெறுகிறான். படிகளுக்குப் பெயர் உண்டு, பல சமயம் எண்ணும் உண்டு. இன்று அவன் எந்தப் படியில் நிற்கிறான் என்பது அவனுக்கும் எதிரிக்கும் வாசகனுக்கும் ஒருசேரத் தெரிந்திருக்கும். சீனாவில் இது துறவுப் பயிற்சிக் கதையாக வருகிறது, கொரியாவில் படக்கதையாக வருகிறது. நீளத்தில் நம்முடைய வாராந்தரத் தொடர்கதைகள் இவற்றின் முன்னால் துணுக்குகள். நம் வட்டத்தில் இவற்றைப் படிப்பதாகச் சொல்லிக்கொள்வது கௌரவக் குறைச்சல். நான் படிக்கிறேன். மோசமான கதைகளில்தான் ஒரு சமூகத்தின் ஆசைகள் மேல்துணி இல்லாமல் நடமாடுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

இவற்றின் வாசகர்களுக்குள் தீராத ஒரு தகராறு உண்டு. இந்த மாதிரிக் கதையில் எந்த மாதிரிக் காதல் சரிப்பட்டு வரும் என்பது. காதலே வேண்டாம், ஏறுகிறவனுக்கு அது இடைஞ்சல் என்கிறவர்கள் ஒரு சாரார். படிக்கு ஒரு பெண் வேண்டும் என்கிறவர்கள் இன்னொரு சாரார்; இவர்கள் எண்ணிக்கையில் அதிகம், வெளியே சொல்லிக்கொள்வதில்தான் குறைவு. முதல் அத்தியாயத்தில் வாளை உருவிக்கொண்டு நின்றவளே கடைசியில் மனைவியாக வேண்டும் சிலருக்கு. எட்டுப் புத்தகம் கடந்தும் கையைக்கூடப் பிடித்திருக்கக் கூடாது வேறு சிலருக்கு. ருசி பேதம் என்று தள்ளிவிட்டுப் போகலாம்தான். ஆனால் ருசி என்று நாம் தள்ளிவிடுகிற இடத்தில்தான் மதிப்பீடு ஒளிந்துகொள்கிறது. ஒருவன் உயர்ந்துகொண்டே போகும்போது அவன் நேசிக்கிற மனுஷி எங்கே நிற்கிறாள்? கீழேயா, பக்கத்திலா, அல்லது அவன் காலை வைக்கிற அடுத்த படியே அவள்தானா? இந்தக் கேள்விக்கு வாசகன் தரும் பதில் கதையைப் பற்றியது மட்டும் என்று நான் நம்பவில்லை.

தமிழில் இந்தக் கேள்வியை மிக அப்பட்டமாகப் போட்டு வைத்திருக்கிற நூல் சீவக சிந்தாமணி. உ.வே.சா. 1887இல் அதை அச்சேற்றிய நாளிலிருந்து அதன் யாப்பைப் பற்றியும், சமணத்தைப் பற்றியும், கம்பனுக்கு அது வழிகாட்டியதைப் பற்றியும் நிறையப் பேசியாகிவிட்டது. அதன் எலும்புக்கூடு ஓர் ஏற்றக்கதையின் எலும்புக்கூடு என்பதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சுடுகாட்டில் பிறந்த குழந்தை. தகப்பனைக் கொன்று அரசைப் பிடித்துக்கொண்ட மந்திரி. வணிகன் வீட்டில் வளர்ப்பு. பிறப்பின் ரகசியம் தெரிந்த ஆசிரியர். பிறகு வீணை, யானையடக்கம், விஷவைத்தியம், வில் என்று வித்தை வித்தையாக ஏறி, கடைசியில் கட்டியங்காரனைக் கொன்று நாட்டை மீட்பது. நடுவில் சுதஞ்சணன் என்ற தேவன் மூன்று மந்திரங்களைத் தருகிறான்: ஒன்று இனிய குரலுக்கு, ஒன்று விஷம் நீக்க, ஒன்று வேண்டிய உருவம் எடுக்க. இன்றைய கொரியப் படக்கதையில் இதே காட்சி வந்தால் கதாநாயகன் முன்னால் ஆகாயத்தில் ஒரு பலகை தோன்றி 'மூன்று திறன்கள் பெறப்பட்டன' என்று அறிவிக்கும். திருத்தக்கதேவருக்குப் பலகை தேவைப்படவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த நூலுக்கு மணநூல் என்று இன்னொரு பெயர். எட்டு மனைவிகள். ஒவ்வொருத்தியும் ஒரு திறமைக்கு எதிராக வைக்கப்பட்டிருக்கிறாள். காந்தருவதத்தைக்கு வீணைப் போட்டி. குணமாலைக்கு மதம் பிடித்த யானை. பதுமைக்குப் பாம்புக்கடி. கனகமாலையின் சகோதரர்களுக்கு வில் கற்றுக்கொடுத்ததற்குக் கனகமாலை. விமலையின் விஷயத்தில் அவன் ஒன்றுமே செய்யவில்லை. அவன் வந்து கடையில் உட்கார்ந்ததும் அவள் தகப்பன் சாகரதத்தனிடம் தேங்கிக் கிடந்த சரக்கெல்லாம் விற்றுத் தீர்கிறது, அதற்காகப் பெண். (சரக்கு நகர்வதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிற காவியம் என்பதில் எனக்குத் தொழில்முறையில் கொஞ்சம் சந்தோஷம்.) கடைசியில் இலக்கணைக்குச் சுழலும் பன்றிப்பொறியை அடித்து வீழ்த்த வேண்டும். இதற்கும் மேலே கவனிக்க வேண்டியது, பதின்மூன்று இலம்பகங்களின் பெயர்கள். கல்வி நாமகள். நாடு மண்மகள். செல்வம் பூமகள். அவன் கற்றதும் வென்றதும் பெற்றதும் எல்லாமே ஸ்திரீ ரூபம். கடைசியில் முத்தியும் அந்த வரிசையில் வந்து நிற்கிறது. பெண் ஒரு படி என்பது இங்கே மறைந்திருக்கும் அர்த்தமல்ல, பொருளடக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு சிந்தாமணியைத் தூக்கி எறிந்துவிடுவது சுலபம். அப்படி எறிகிறவர்கள் அதைப் படிக்கவில்லை என்று அர்த்தம். மூன்று இடங்களில் அந்த ஏணி ஆடுகிறது.

முதலாவது கோவிந்தை. பறிபோன ஆநிரையை மீட்டதற்குப் பரிசாக நந்தகோன் தன் மகளைச் சீவகனுக்குக் கொடுக்க வருகிறான். சீவகன் அவளைத் தன் தோழன் பதுமுகனுக்கு மணம் செய்துவைத்துவிடுகிறான். இலம்பகம் மட்டும் அவள் பெயரில் இருக்கிறது. இடையர் வீட்டுப் பெண் அவன் ஏற வேண்டிய உயரத்துக்குப் போதாது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் காரியம் நடந்துவிடுகிறது. கையிலிருக்கும் கூடுதல் பரிசைத் தோழனுக்குத் தள்ளிவிடுகிற அந்தச் சரளம் எனக்கு எட்டு மணங்களையும்விடக் கூச்சம் தருகிறது.

இரண்டாவது பதுமை. கடித்த விஷத்தை நீக்கி, மணந்து, சில காலம் கூட இருந்து, ஓர் இரவு சொல்லாமல் போய்விடுகிறான். விழித்தவள் அவனைக் காணாமல் அரற்றுகிறாள். கேமசரிக்கும் இதே கதி. போக வேண்டியவன் போகத்தான் வேண்டும், கதை அங்கேயே நின்றுவிட முடியாது என்பது சரி. ஏன் சொல்லாமல் போக வேண்டும்? அடுத்த படி அழைக்கும்போது தூங்குகிறவளை எழுப்பினால் அவள் கேள்வி கேட்பாள். அந்தக் கேள்விக்கு ஏற்றக்கதையில் பதில் இல்லை. ஆகவே அவளைத் தூங்க வைத்துவிட்டுப் போகிறது கதை. இத்தனைக்கும் முதல் மனைவி தத்தை வித்தியாதரப் பெண். கணவன் எங்கே இருக்கிறான் என்பதைத் தன் வித்தையாலேயே கண்டுபிடித்து நந்தட்டனை அவனிடம் அனுப்பக்கூடியவள். அவளிடம் இருக்கும் சக்தி அவனிடம் அப்போது இல்லை. ஆனாலும் அவள் வீட்டில்தான் இருக்கிறாள். சக்தி இருப்பதும் ஏறுவதும் ஒன்றல்ல என்பதைத் தெரிந்தோ தெரியாமலோ நூல் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

மூன்றாவது முடிவு. சீவகன் துறக்கிறான், தேவிமாரும் துறக்கிறார்கள். ஆனால் முத்தி அவனுக்கு, வானுலகம் அவர்களுக்கு. பெண்ணுடம்போடு வீடுபேறு இல்லை என்பது திகம்பர சமணத்தின் கொள்கை. எட்டுப் பேரும் அவனுக்குப் படியாக இருந்ததில் குறையில்லாமல் இருந்தார்கள். அவர்கள் ஏற வந்தபோது ஏணியில் கடைசிப் படி கழற்றப்பட்டிருக்கிறது. காதலைப் பாடச் சமணர்களுக்குத் தெரியாது என்று சங்கப் புலவர்கள் சொன்னதற்குப் பதிலாகத் தேவர் இதைப் பாடினார் என்று கர்ணபரம்பரைக் கதை. காதலைப் பாடத் தெரிந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. காதலிக்கப்பட்டவர்களுடைய கணக்கை முடிக்கத் தெரியவில்லை.

எதிரியைக் காதலியாக்கும் வகைக்கு வருகிறேன். சிந்தாமணியில் சுரமஞ்சரி இருக்கிறாள். சுண்ணப் போட்டியில் தன்னுடையதைவிடக் குணமாலையின் சுண்ணம் சிறந்தது என்று சீவகன் சொல்லிவிட்டதால் ஆண்முகமே பார்ப்பதில்லை என்று விரதம் இருப்பவள். அவன் கிழவேஷம் போட்டு உள்ளே நுழைகிறான். ஆனால் இந்த வகையின் தமிழ்ச் சிகரம் இவளல்ல, அல்லி. பெரிய எழுத்துப் புத்தகங்களில் புகழேந்தியின் தலையில் கட்டப்பட்டிருக்கும் அல்லி அரசாணி மாலை எங்கள் கடற்கரையின் கதை என்று சொன்னால் மதுரைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் மன்னார் வளைகுடாவின் இருகரைக்கும் அவள் பொது. அக்கரையில் அரிப்பில் அல்லிராணி கோட்டை என்று ஓர் இடிபாட்டைக் காட்டுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பை மேற்பார்வை பார்க்க ஆங்கிலக் கவர்னர் ஃபிரெடரிக் நார்த் கட்டிக்கொண்ட மாளிகை அது. வரலாறு தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள். முத்துச்சலாபத்தை ஆண்டவள் ஒரு பெண்ணாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று ஊர் பிடிவாதம் பிடிப்பதில் சிரிக்க ஒன்றுமில்லை.

அல்லியும் ஏறினவள்தான். அரசைக் கவர்ந்திருந்த நீன்முகனைத் தன் கையால் வென்று நாட்டைப் பிடித்தவள். அதாவது சீவகன் பத்து இலம்பகத்தில் செய்ததை அவள் கதையின் தொடக்கத்திலேயே செய்துமுடித்துவிட்டாள். தீர்த்த யாத்திரையாக வந்த அர்ச்சுனனுக்கு அவளை வெல்ல எந்த வித்தையும் போதவில்லை. காண்டீபம் பிரயோசனப்படவில்லை. கண்ணன் பாம்பாட்டியாக, இவன் பாம்பாக, அவள் அரண்மனைக்குள் போகிறார்கள். தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டப்படுகிறது. பதுமை தூங்கும்போது கணவன் போனான். அல்லி தூங்கும்போது கணவன் வந்தான். ஏறுகிறவனுக்குப் பெண்ணின் தூக்கம் எவ்வளவு தேவையாக இருக்கிறது என்று யோசிக்கலாம்.

எதிரி காதலியாகும் கதையை விரும்புகிறவர்கள் சொல்லும் காரணம், அங்கே சமத்துவம் இருக்கிறது என்பது. வாளுக்கு வாள், சொல்லுக்குச் சொல். இது பாதி உண்மை. கதை நடக்கும் வரை சமத்துவம் இருக்கிறது. கதை முடிவதற்கு அது போக வேண்டியிருக்கிறது. அல்லியை வெல்ல முடியாது என்பதே அவளிடம் இருந்த வசீகரம், வென்றதும் அது அவளிடம் இல்லை. இதை ஏட்டுக்காரர்களைவிட நாடகக்காரர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்று நினைக்கிறேன். ராமநாதபுரம், மதுரை, சிவகங்கைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கூட்டம் உட்கார்ந்திருப்பது தர்க்கத்துக்காக. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் எதிரெதிரே நின்று பாட்டுக்குப் பாட்டு, வார்த்தைக்கு வார்த்தை விட்டுக்கொடுக்காமல் விடியவிடிய இழுத்துக்கொண்டு போவார்கள். கல்யாணம் என்று ஒன்று நடக்கும்போது பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள் பாதிப்பேர். அவர்களுக்குப் பிடித்த உறவு எது என்று யாரும் அவர்களைக் கேட்டதில்லை. பாய் சுருட்டுவதில் பதில் இருக்கிறது.

அல்லிக்குப் பிறகு பவளக்கொடி. அல்லியின் மகன் புலந்திரன் பவளத்தேர் கேட்டு அழ, அதைக் கொண்டுவரப் போன அர்ச்சுனன் பவளத்தோடு பவளக்கொடியையும் சேர்த்துக்கொள்கிறான். மகனுக்கு விளையாட்டுச் சாமான், தகப்பனுக்கு இன்னொரு மனைவி. 1934இல் கே. சுப்ரமணியம் இதைப் படமாக்கியபோது எம்.கே. தியாகராஜ பாகவதர் முதன்முறையாகத் திரைக்கு வந்தார், அர்ச்சுனனாக. வேறு விசேஷம் இதில் எனக்குத் தெரியவில்லை. எங்கள் வளைகுடாவில் இருப்பது சுண்ணாம்புப் பவளப்பாறை. கழுத்தில் அணிகிற செம்பவளம் மத்தியதரைக் கடலிலிருந்து கப்பலில் வந்தது. பவளத்தேர் என்பது இந்தக் கரையில் நின்றுகொண்டு வெகுதூரத்துக்கு ஆசைப்படுவது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சேதுவின் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறவன் ராமனைத் தாண்டிப் போக முடியாது. மேற்சொன்னவர்களுக்கு நேர்மாறாக, இவன் ஏறியதெல்லாம் ஒருத்திக்காக. நண்பர்களைச் சேர்த்தது, கடலை அடைத்தது, பத்துத் தலையை அறுத்தது எல்லாம். பரிசாகப் பெண் என்பது போய் இலக்காகவே பெண். பதிவிரதைகளும் விமர்சகர்களும் ஒருமுகமாக ஒப்புக்கொள்ளும் வகை இது. ஆனால் போர் முடிந்து அவள் எதிரே வந்து நின்றபோது, இவ்வளவும் உனக்காகச் செய்ததல்ல, என் பெயருக்கும் குலத்துக்கும் வந்த களங்கத்தைத் துடைக்கச் செய்தது என்கிறான் வால்மீகியின் ராமன். கம்பனும் இந்த இடத்தை மென்மைப்படுத்தவில்லை, இன்னும் கூர்மையாக்கிவிட்டுத்தான் போகிறான். பக்தர்கள் இதற்கு ஆயிரம் சமாதானம் சொல்லட்டும். எனக்கு இது ராமனுடைய குணக்கோளாறாகப் படவில்லை. ஏறுகிறவன் உச்சியில் நின்று உண்மையைச் சொல்லிவிட்டான் என்றுதான் படுகிறது. இலக்கு என்று நாம் காட்டுகிற ஆள் பல சமயம் நாம் ஏறுவதற்குச் சொல்லிக்கொண்ட காரணம்தான்.

இன்றைய ஏற்றக்கதை வாசகர்களில் விவரம் தெரிந்தவர்கள் இதையெல்லாம் தாண்டி வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அவர்களுக்குப் பிடித்தது கூட ஏறுகிறவள். வில் வைட் என்ற அமெரிக்கர் 2016இலிருந்து 2023வரை பன்னிரண்டு புத்தகமாக எழுதிய 'க்ரேடில்' வரிசையை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். லிண்டன் சக்தியில்லாதவன் என்று சொந்தக் குலமே ஒதுக்கி வைத்த பையன். யெரின் ஒரு வாள் ஞானியின் சிஷ்யை; ஆரம்பத்தில் அவனைவிட எத்தனையோ படி மேலே இருப்பவள். அவன் அவளை எட்டிப்பிடிக்கிறான், பிறகு இருவரும் மாறி மாறி ஏறுகிறார்கள், காதல் என்று ஒன்று இருப்பது புத்தகம் புத்தகமாகக் கடந்த பிறகுதான் இருவருக்கும் புலப்படுகிறது. எழுத்தில் பெரிய நயம் இல்லை. ஆனால் ஒருத்தருக்கொருத்தர் காயத்துக்குக் கட்டுப்போடுவதும், தூங்கும்போது இன்னொருவர் காவல் இருப்பதுமாக அந்த உறவு கட்டப்படுகிற நிதானம் மரியாதைக்குரியது. இங்கே தூக்கம் ஏமாற்றுவதற்கான சந்தர்ப்பமாக இல்லாமல் ஒப்படைப்பாக இருக்கிறது. சிந்தாமணியிலிருந்து இது வெகுதூரம் என்பதை நான் மறுக்கவில்லை.

இருந்தும் எனக்கு ஓர் உறுத்தல். இருவரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஏறுகிற வரைதான் அந்த நிதானம். இருவருக்கும் ஒரே மாதத்தில் இன்க்ரிமென்ட் விழுகிற ஏற்பாடு இது. ஒருவர் நின்றுவிட்டால்? திறமை இல்லாததாலோ, உடம்பு ஒத்துழைக்காததாலோ, அல்லது ஏறப் பிரியமில்லை என்பதாலோ ஒருத்தி பாதியில் உட்கார்ந்துவிட்டால்? சமத்துவத்தை விரும்புகிறோம் என்று சொல்லிக்கொண்டு உண்மையில் சமமான சாதனையை விரும்புகிறோமோ என்று சந்தேகமாக இருக்கிறது. பரிசாகப் பெண் என்பதில் ஏறாதவளுக்கும் ஓர் இடம் இருந்தது, கேவலமான இடமானாலும். கூட ஏறுகிறவள் என்பதில் ஏறாதவளுக்கு இடமே இல்லை. அவள் இரண்டாம் அத்தியாயத்துக் கிராமத்தோடு நின்றுவிடுகிறாள்.

வங்கியில் இது அன்றாட விஷயம். குமாஸ்தா ஆபீசரானால் ஊர் மாற்றம் உண்டு. பதவி உயர்வே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு அதே கவுன்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்தவர்கள் ஏராளம். அவர்களைப் பற்றிக் கதை எழுத முடியாது, படியில்லை. சீனக் கதைகளில் ஜின் யோங் மட்டும் இந்தப் பக்கம் கொஞ்சம் வந்தவர் என்று சொல்லலாம். 1959இலிருந்து 1961வரை அவருடைய பத்திரிகையில் தொடராக வந்த கழுகு வீரன் கதையில் யாங் குவோ தன் ஆசிரியையையே காதலிக்கிறான். ஊர் தூற்றுகிறது. பதினாறு வருஷம் பிரிவு. அந்தப் பதினாறு வருஷத்தில் ஒற்றைக்கை மனிதனாகிய அவன் ஈடில்லாத வீரனாகிவிடுகிறான், அவளோ ஒரு பள்ளத்தாக்கின் அடியில் மீனும் தேனும் தின்று சும்மா இருக்கிறாள். திரும்பச் சந்திக்கும்போது அவனுடைய வீரம் அந்த உறவில் எந்தப் பெறுமானமும் இல்லாமல் கிடக்கிறது. அவனுக்கு அது காத்திருந்தபோது கைக்குக் கொடுத்த வேலை, அவ்வளவே. மிகைக்கதைதான். ஆனால் ஏற்றமும் காதலும் வெவ்வேறு கணக்குப் புத்தகம் என்று தெரிந்து எழுதப்பட்ட மிகைக்கதை.

அப்படி வெவ்வேறாக வைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்தவனுக்கு அதில் சுலபமாக நம்பிக்கை வராது. இந்த ஜில்லாவில் மழையை நம்பி வாழ முடியாது, கடலை நம்பி வாழ்வதும் கஷ்டமாகிவிட்டது. பையன்கள் சவுதிக்கும் துபாய்க்கும் குவைத்துக்கும் போகிறார்கள். விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் பணம் வேண்டும். பெரும்பாலும் அது இங்கேதான் புறப்படுகிறது. வளையல் வரும், சங்கிலி வரும், கடைசியாகத் தாலிக்கொடி வரும். மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துக்கொண்டு கொடியை மட்டும் கழற்றித் தருவார்கள். முஸ்லிம் வீடுகளிலிருந்து கருகமணி வரும். மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைப்பார், கல் எடையைக் கழிப்பார், நிகர எடை எழுதி முத்திரை வைப்பார். கடன் அவள் பெயரில். கையெழுத்து அவளுடையது. பக்கத்தில் நிற்கிறவன் புதுச் சட்டையோடு, கொஞ்சம் வெட்கத்தோடு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். அவனுடைய முதல் படி அது.

இந்தப் பெண்கள் தூங்கவில்லை. இவர்களை யாரும் பாம்பாக வந்து ஏமாற்றவில்லை. முழு விழிப்போடு, பல சமயம் அவனைவிடத் தெளிவான கணக்கோடு, தங்களைப் படியாக வைக்கிறார்கள். இவர்களிடம் போய் நீ படியாக இருக்கிறாய் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? மூன்று வருஷத்தில் திரும்பி வந்து மீட்டு, அதற்கு மேல் இரண்டு மடங்கு வாங்கிப் போடுகிறவனும் உண்டு. ஏல நோட்டீஸ் போன பிறகும் வராதவனும் உண்டு. இரண்டு பேருக்கும் ஒரே படிவம்தான். வெளியே போகும்போது என்ன பேசிக்கொண்டார்கள் என்பது படிவத்தில் இல்லை. ஏற்றக்கதைகளில் மருந்தும் மந்திரமும் அபூர்வ வாளும் எங்கிருந்தோ கிடைத்துவிடுகின்றன. குகைக்குள், பெட்டிக்குள், செத்த குருவின் பையில். யாருடைய கழுத்திலிருந்தும் கழற்றப்படுவதில்லை. இந்தக் கதைகளின் மிகப் பெரிய பொய் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், வானில் பறப்பதையல்ல, இதைத்தான் காட்டுவேன்.

நம்முடைய பழைய இலக்கணம் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்துப் பார்த்திருக்கிறது. அகத்தில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்தது. பெயர் இல்லாதவனுக்கு ஊர் இல்லை, வெற்றி இல்லை, படியில்லை. வென்றவன், கொடுத்தவன், ஏறினவன் எல்லாம் புறத்துக்குப் போய்விடுகிறான். பிற்காலத்துக் கோவைகளில் ஒரே பாட்டுக்குள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள்: பாட்டுடைத் தலைவன், கிளவித் தலைவன். முன்னவனுக்கு நாடும் கொடியும் போர்களும் உண்டு. பின்னவனுக்கு ஒரு பெண் எதிரே நிற்கிறாள், அதைத் தவிர ஒன்றும் கிடையாது. உயர்கிறவனையும் நேசிக்கிறவனையும் ஓர் ஆளாக்காமல் இரண்டு ஆளாகப் பிரித்து ஒரே நாலடிக்குள் குடிவைத்தார்கள். சிந்தாமணியும் இன்றைய ஏற்றக்கதையும் செய்வது இந்த இரண்டு பேரையும் ஒருவனாகச் சேர்ப்பது. எங்கெல்லாம் சேர்க்கப்படுகிறார்களோ அங்கெல்லாம் முன்னவன் பின்னவனைத் தின்றுவிடுகிறான் என்பது நான் பார்த்த வரையில் தப்பாத விதி.

இந்தப் பிரிவினை ஒரு தப்பித்தல் என்று வாதாடலாம். நானே வாதாடியிருக்கிறேன். பாட்டுடைத் தலைவனின் யானைக்கும் கொடைக்கும் யார் தலையிலிருந்து வரி பிரிந்தது என்று கிளவித் தலைவி கேட்க மாட்டாள். பொருள்வயிற் பிரிவு என்று ஒரு துறை இருக்கிறது, பொருளுக்காகத் தலைவன் போகிறான், அவள் மெலிகிறாள், வளையல் கழல்கிறது. கழன்ற வளையல் எங்கே போகிறது என்று எந்தப் பாட்டும் சொல்லவில்லை. எங்கள் கவுன்டருக்கு வருகிறது என்று நான் சொன்னால் அது விகடமாகிவிடும். ஆனாலும் ஏறுவதன் தர்க்கம் காதலுக்குள் வரக் கூடாது என்று ஒரு வாசல்படியாவது போட்டார்களே, அந்த எச்சரிக்கை உணர்வு பெரிது. வரக் கூடாது என்று நினைத்தவர்களுக்குத்தான் அது வந்துவிடும் என்பது தெரிந்திருக்கும்.

இதன் கடைசி எல்லை எங்கள் ஊரிலேயே எழுதப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் ரகுநாத சேதுபதி மேல் அமிர்த கவிராயர் பாடிய ஒருதுறைக் கோவை. கோவை என்றால் முதல் பார்வையிலிருந்து கல்யாணம், குடும்பம்வரை நானூறு துறை. அதுவும் ஓர் ஏணிதான், காதலின் சொந்த ஏணி. கவிராயர் அந்த ஏணியையும் எடுத்துவிட்டார். நாணிக் கண் புதைத்தல் என்ற ஒரே துறை, நானூறு பாட்டு. பண்டிதர்கள் இதைச் சாமர்த்தியம் என்கிறார்கள், நம்மவர்கள் வெறும் சாமர்த்தியம் என்கிறார்கள். சாமர்த்தியம்தான், சிலேடையும் மடக்கும் பல இடங்களில் மூச்சு முட்டுகிறது, நூறு பாட்டுக்கு மேல் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. ஆனால் அந்த நானூறிலும் நடப்பதைப் பாருங்கள். சேதுபதி பாட்டுக்குப் பாட்டு வெல்கிறார், கொடுக்கிறார், பகைவரை ஓட்டுகிறார், புகழ் ஏறிக்கொண்டே போகிறது. அதே பாட்டின் இன்னொரு பாதியில் ஒருவன் ஒருத்தி எதிரே நின்று, ஏன் கண்ணை மட்டும் மூடிக்கொண்டாய் என்று கேட்டபடி இருக்கிறான். அவனுக்கு எந்தப் பாட்டிலும் எதுவும் கூடவில்லை. அவளும் கையை எடுக்கவில்லை.